எஞ்சிய குளோரின்: மாதிரி சரியில்லை என்றால் அளவும் சரியில்லை

ஊராட்சிக் குடிநீரில் எஞ்சிய குளோரின் பார்ப்பது என் வேலை. ஐ.எஸ். 10500 தரப்படி, மக்கள் பிடிக்கும் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். இவ்வளவு சிறிய அளவு என்பதால், மாதிரியில் சின்னக் கோளாறு இருந்தாலும் முடிவு புரண்டுவிடும். அனுபவத்தில் படிந்த சில பழக்கங்களைச் சொல்கிறேன்.

குழாயடியிலேயே பாருங்கள். குளோரின் வெயிலில் வேகமாகச் சிதையும். பாட்டிலை பைக்கில் மாட்டி ஆபீசுக்குக் கொண்டுபோனால் மிஞ்சுவது பாதியா, கால்வாசியா என்று சொல்ல முடியாது. பிடிக்கும் முன் குழாயை இரண்டு மூன்று நிமிடம் திறந்துவிடுங்கள். ரப்பர் டியூப் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள்.

கிருமிப் பரிசோதனைக்கு லேப் தரும் பாட்டிலில் குளோரின் பார்க்கவே கூடாது. அதற்குள் போட்டிருக்கும் சோடியம் தயோசல்பேட் குளோரினை முறித்துவிடும்.

குளோரின் இருந்தால் ரோஸ் நிறம் காட்டும் டிபிடி மாத்திரையைப் போட்ட சோதனைக் குழாயை விரலால் மூடிக் குலுக்காதீர்கள், மூடியைப் போடுங்கள். விரலின் அழுக்கும் வியர்வையும் குளோரினைத் தின்னும்.

சைபர் வந்தால் உடனே நம்பாதீர்கள். ஒருமுறை பிளீச்சிங் பவுடர் போட்ட கொஞ்ச நேரத்தில் தொட்டியடியில் தண்ணீர் பிடித்தோம். டிபிடி மாத்திரை விழுந்ததும் ரோஸ் நிறம் மின்னி, அடுத்த கணமே வெளுத்துவிட்டது. “சைபர்தான் சார், இன்னும் ஒரு கிலோ கரைச்சு விடட்டுமா?” என்றார் டேங்க் ஆபரேட்டர். “கொஞ்சம் பொறுங்கண்ணே” என்று, அதே தண்ணீர் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு டிஸ்டில்டு வாட்டர் கலந்து மறுபடி பார்த்தேன். நல்ல ரோஸ் ஏறியது. குளோரின் மிதமிஞ்சி இருந்தால் அது டிபிடி நிறத்தையே வெளுக்கடித்துவிடும்.

நிறம் வந்தாலும் யோசிக்க வேண்டும். போர் தண்ணீரில் மாங்கனீசு இருந்து, அது ஆக்சிஜனேற்றம் அடைந்திருந்தால், குளோரின் இல்லாமலே ரோஸ் காட்டும். அம்மோனியா கலந்த தண்ணீரில் உருவாகும் குளோரமைன், நேரம் போகப் போக நிறத்தைக் கூட்டும்; சூடான தண்ணீரில் இன்னும் சீக்கிரம். அதனால் குளோரமைனாக மாறாத தனிக் குளோரினை ஒரு நிமிடத்துக்குள் படித்துவிடுங்கள். கலங்கல் தண்ணீர் என்றால் மாத்திரை போடாத அதே தண்ணீரைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

பி.எச். அளவையும் சேர்த்துக் குறியுங்கள். மாத்திரையில் உள்ள பஃபர் மாதிரியின் பி.எச்.சை ஆறரைக்குப் பக்கத்தில் இழுத்துவிடுவதால், குழாய்த் தண்ணீர் 7 ஆக இருந்தாலும் 8.5 ஆக இருந்தாலும் நிறம் ஒன்றாகவே தெரியும். ஆனால் 8-ஐத் தாண்டிய தண்ணீரில் அதே குளோரின் கிருமியைக் கொல்லும் வேகம் வெகுவாகக் குறைந்திருக்கும்.

பதிவேட்டில் அளவை மட்டும் எழுதி மூடாதீர்கள். எந்தக் குழாய், எத்தனை மணி, பவுடர் போட்டு எவ்வளவு நேரம், தண்ணீர் தெளிவா கலங்கலா என்பதையும் எழுதுங்கள். இவை இல்லாத 0.2-ஐ வைத்துக்கொண்டு பவுடரைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.