சூரியப் பலகையும் வானொலி இரைச்சலும்

அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று விடுமுறையைக் கழிப்போர் பலர் வீட்டு வண்டிகளில் பயணம் செய்கின்றனர். படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி எல்லாம் அந்த ஊர்திக்குள்ளேயே உண்டு. அரிசோனா மாநிலத்தில் குவார்ட்ஸைட் என்னும் சிற்றூரைச் சுற்றியுள்ள பாலைவனத்தில், குளிர்காலந்தோறும் ஆயிரக்கணக்கான வீட்டு வண்டிகள் வந்து தங்குகின்றன. மின்கம்பம் இல்லாத அவ்விடங்களில், கூரைமேல் பொருத்திய சூரியப் பலகையே பலருடைய பாட்டரிகளுக்கு மின்னேற்றம் தருகிறது.

தொலைபேசி எட்டாத இடத்தில் புயல், காட்டுத்தீ பற்றிய எச்சரிக்கையைக் கொண்டுவருவது வானொலி. ஆனால் சில வண்டிகளில் ஒரு விந்தையைக் காணலாம். பகல் முழுவதும் வானொலி இரைந்துகொண்டே இருக்கும். கதிரவன் மறைந்ததும் இரைச்சல் நின்றுவிடும். இதற்குக் காரணம் என்ன?

பலகைக்கும் பாட்டரிக்கும் நடுவே

100 வாட் சூரியப் பலகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 36 சிலிக்கன் மின்கலங்கள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. நல்ல வெயிலில் ஒவ்வொன்றும் சுமார் 0.5 வோல்ட் தரும். ஆகவே மொத்தம் 18 வோல்ட். மின்னோட்டம் சுமார் 5.5 ஆம்பியர். மின்னேற்றம் பெறும் 12 வோல்ட் பாட்டரியின் மின்னழுத்தமோ ஏறத்தாழ 13 வோல்ட். இரண்டையும் நேராக இணைத்தால் பலகையின் அழுத்தமும் 13 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். கிடைப்பது 13 × 5.5, அதாவது சுமார் 72 வாட்தான். கால் பங்குக்கு மேல் வீண்!

இந்த இழப்பைத் தவிர்க்க, மின்னேற்றக் கட்டுப்படுத்தி என்னும் கருவியை இடையே வைக்கிறார்கள். அதிலுள்ள டிரான்சிஸ்டர் நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்னோட்டத்தைத் திறந்து மூடுகிறது. ஒரு கம்பிச்சுருள் ஆற்றலைக் காந்தப்புலமாகச் சேமித்துத் திருப்பித் தருகிறது. 18 வோல்ட் 13 வோல்ட்டாகக் குறைகிறது. ஆனால் மின்னோட்டம் 7 ஆம்பியருக்கு மேல் உயர்கிறது. ஆற்றல் மிச்சமாகிறது. தொல்லை தொடங்குவதும் இங்கேதான்.

ஓர் அலை பல அலைகளாகிறது

சட்டென்று எழுந்து சட்டென்று விழும் எந்தத் துடிப்பையும் பல சைன் அலைகளின் கூட்டாகக் கருதலாம் என்று பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே காட்டினார். கட்டுப்படுத்தி நொடிக்கு 50,000 முறை, அதாவது 50 கிலோ ஹெர்ட்ஸில் இயங்குவதாகக் கொள்வோம். அதன் மடங்குகளான 100, 150, 200 கிலோ ஹெர்ட்ஸ் அலைகளும் உடன் பிறக்கின்றன. இவற்றைச் சீரிசைகள் என்போம். 530 முதல் 1700 கிலோ ஹெர்ட்ஸ் வரையுள்ள மத்திய அலையில் 550, 600, 650 என்று 24 இடங்களில் இவை வந்து குறுக்கிடலாம். துடிப்பு எவ்வளவு செங்குத்தாக எழுகிறதோ அவ்வளவு தொலைவுக்குச் சீரிசைகள் நீளும். 284-ஆவது சீரிசை எங்கே விழும்? கணக்கிட்டுப் பாருங்கள்: 14.2 மெகா ஹெர்ட்ஸ். அது அமெச்சூர் வானொலியாளர்கள் பேசும் அலைவரிசை!

கம்பியே ஏரியல்

கருவிக்குள் பிறந்த இரைச்சல் வெளியே வருவது எப்படி? 14.2 மெகா ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 21 மீட்டர். அதில் கால் பங்கு 5.3 மீட்டர். கூரையிலிருந்து கட்டுப்படுத்திக்கு வரும் கம்பி 5 மீட்டர் நீளமிருந்தால் அது நல்லதோர் ஏரியலாகிவிடும். நேர், எதிர்க் கம்பிகள் விலகி ஓடினால் அவற்றிடையே பெரிய வளையம் உண்டாகி, அதுவும் அலைகளைப் பரப்பும்.

பண்பலை ஒலிபரப்பில் இத்தொல்லை குறைவு. அதில் செய்தி அலையின் உயரத்தில் இல்லை, அதிர்வெண் மாற்றத்தில் இருக்கிறது. தவிர, அவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணில் சீரிசைகளும் மெலிந்திருக்கும். ஆயினும் மலைகளுக்கு அப்பால் வெகுதொலைவு செல்பவை மத்திய அலையும் சிற்றலையுமே. ஆகவே அவற்றைக் காப்பது அவசியம்.

பரிகாரங்கள்

முதலில் குற்றவாளியைக் கண்டுபிடிக்க வேண்டும். வானொலியை அதற்குரிய உலர் மின்கலங்களில் இயக்கி, பலகையைத் தடித்த துணியால் மூடவேண்டும். இரைச்சல் நின்றால் கட்டுப்படுத்திதான் காரணம். நிற்காவிட்டால் விளக்குகளையும் மற்றக் கருவிகளையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கலாம்.

நேர், எதிர்க் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கினால் வளையம் சுருங்கும். இரண்டையும் சேர்த்து ஃபெர்ரைட் வளையத்தில் பல சுற்றுகள் சுற்றினால், நேர்மின்னோட்டம் தடையின்றிப் போகும். உயர் அதிர்வெண் அலைகளுக்கு வழி அடைபடும். சுற்றுகளை இருமடங்காக்கினால் தூண்டம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். வளையம் கட்டுப்படுத்தியை ஒட்டியே இருக்க வேண்டும். தள்ளி வைத்தால் இடைப்பட்ட கம்பியே ஏரியலாகிவிடும். வானொலியின் ஏரியலைப் பலகையிலிருந்து விலக்கி வைப்பதும் நல்லது.

எல்லாவற்றிலும் எளிய வழி, முக்கியமான செய்தியைக் கேட்கும்போது பலகையின் இணைப்பைத் துண்டிப்பதே. இங்கே ஓர் எச்சரிக்கை: முதலில் பலகையைத்தான் துண்டிக்க வேண்டும். பலகை இணைந்திருக்கையில் பாட்டரியைக் கழற்றினால் கட்டுப்படுத்தி பழுதாகலாம்.

நீங்களே செய்து பாருங்கள்

செல்பேசிக்கு மின்னேற்றும் கருவியும் இதே தத்துவத்தில் இயங்குகிறது. பாட்டரியில் இயங்கும் சிறு வானொலியை மத்திய அலையில், நிலையம் எதுவும் கேட்காத இடத்தில் வையுங்கள். மின்னேற்றம் நடக்கும்போது அதைக் கருவிக்கு 10 செ.மீ., 50 செ.மீ., 1 மீட்டர் தொலைவுகளில் வைத்து இரைச்சலை ஒப்பிடுங்கள். வானொலியை மெதுவாகத் திருப்பியும் பாருங்கள். ஒரு திசையில் இரைச்சல் குறையக்கூடும். கருவியை மட்டும் திறக்கவே கூடாது.

சிந்திக்க: திறந்து மூடும் வேகம் 50-இலிருந்து 100 கிலோ ஹெர்ட்ஸாக உயர்ந்தால், மத்திய அலையில் எத்தனை இடங்களில் இரைச்சல் கேட்கும்?