கட்டாரில் கம்பனி மாறலாம், நிரந்தர வதிவிடம் வேறு கதை

சென்ற மாதம் ராத்தாவின் மகன் தோஹாவிலிருந்து பேசினான். ஆறு வருடமாக ஒரே கம்பனியில் களஞ்சியப் பொறுப்பாளனாக இருக்கிறான். இன்னொரு கம்பனி கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிடுகிறதாம். "மாமா, இப்ப மாறுறது லேசு. கொஞ்சக் காலத்தில பி.ஆர். எடுத்துடலாமாம். ஊர்ல உள்ள கடை அறைய வித்து, காச இங்க போடுவமா?" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அறையின் வாடகையில்தான் ராத்தாவின் வீட்டு அடுப்பு எரிகிறது.

பிள்ளைகளை கட்டாருக்கு அனுப்பியுள்ள வியாபாரிகள் பலருக்கும் இக்குழப்பம் உண்டு. இரண்டு விடயங்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முன்னர் கபீலின் என்.ஓ.சி. இன்றி அங்கே வேலை மாற முடியாது. 2020ஆம் ஆண்டின் 18ஆம், 19ஆம் இலக்கச் சட்டங்கள் அதை நீக்கின. சேவைக்காலம் இரண்டு வருடம் வரையானால் ஒரு மாதமும், அதற்கு மேலானால் இரண்டு மாதமும் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். தொழிலமைச்சின் இணைய முறையினூடாகவே அதைக் கொடுக்க வேண்டும். வாயால் சொல்லிவிட்டு வேலைக்குப் போகாமல் நிற்பவர் மீது, ஓடிப்போனார் என்று முதலாளி முறைப்பாடு செய்தால் கதை முடிந்தது. ஒப்பந்தத்தையும் வாசிக்க வேண்டும். போட்டிக் கம்பனியில் சேரக்கூடாது என்ற நிபந்தனை இருந்தால் அது ஒரு வருடம் வரை கட்டுப்படுத்தலாம். (நம் கடைப் பையன் எதிர்க்கடைக்குப் போனால் நாமும்தானே முகத்தைத் திருப்புகிறோம்!)

அடுத்தது பணிக்கொடை. பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஒரு வருடம் பூர்த்தியானவருக்கு, வருடமொன்றுக்குக் குறைந்தது மூன்று வாரச் சம்பளம் சேர வேண்டும். கணக்குப் பார்ப்பது அடிப்படைச் சம்பளத்தில். சாப்பாடு, வீட்டுக் கொடுப்பனவுகள் சேராது. மருமகனின் அடிப்படை 2,100 ரியால். 21 நாளுக்கு 1,470. ஆறு வருடத்துக்கு 8,820 ரியால். புதிய கம்பனியில் சேவைக்காலம் மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது. ஆகவே பழைய கணக்கை முடித்துக் காசைக் கையில் வாங்காமல் எந்தத் தாளிலும் கையொப்பமிட வேண்டாம் என்றேன்.

இனி பி.ஆர். கதை. கட்டாரின் 2018ஆம் ஆண்டு 10ஆம் இலக்கச் சட்டத்தில் நிரந்தர வதிவிடம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் வெளிநாட்டில் பிறந்தவர் 20 வருடம் தொடர்ச்சியாகச் சட்டப்படி வசித்திருக்க வேண்டும். போதிய வருமானம், நன்னடத்தை, அரபு மொழி அறிவு எல்லாம் வேண்டும். அப்படியும் வருடத்துக்கு 100 பேருக்குத்தான். அமீர் விரும்பினால் கூட்டலாம். அங்கே வேலை செய்யும் இலட்சக்கணக்கானோரில் 100 பேர்! பெருந்தொகைக்கு வீடு, கட்டடம் வாங்குவோருக்கு வேறு வழி உண்டு. ஊர்க் கடை அறை விற்ற காசு அதற்குக் கிட்டவும் வராது.

வேலை மாறுவதால் வதிவிட வருடங்கள் அழியாது. கணக்கில் வருவது நாட்டில் சட்டப்படி இருந்த காலம், ஒரே கம்பனியில் இருந்த காலமல்ல. ஆனால் வதிவிட அனுமதி இடையில் விட்டுப்போகக் கூடாது.

மருமகன் கொஞ்சம் மௌனமாக இருந்துவிட்டு, "அப்ப இன்னும் 14 வருஷமா மாமா?" என்றான். முன்னறிவித்தல் கொடுத்துவிட்டான், இரண்டு மாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. கடை அறையின் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க, வரும் ஞாயிறு ராத்தாவோடு நொத்தாரிசிடம் போகிறேன்.