இயந்திரம் யாருடையது?

இடம்பெயரும்போது நாம் கையில் எடுத்து வரக்கூடியது மிகக் குறைவு. மாடும் கலப்பையும் நீரிறைக்கும் இயந்திரமும் ஊரோடு நின்றுவிடுகின்றன. பின்பு ஒரு துண்டுக் காணியில் பயிர் வைக்க முனைந்தால், உழவு இயந்திரத்தை வாடகைக்கு எடுக்க வேண்டும். காசு இல்லாவிட்டால் விளைச்சலை முற்கூட்டியே ஒருவருக்கு ஒப்புக்கொடுக்க வேண்டும். "இயந்திரம் வந்துதான் எங்களைக் கெடுத்தது" என்கிறோம் எம்மிற் சிலர். "இயந்திரம் இல்லாமல் முன்னேற்றம் இல்லை" என்கிறோம் வேறு சிலர். இப்பாடத்தில் மூன்றாவது கேள்வியொன்றைக் கேட்போம்: அந்த இயந்திரம் யாருடையது?

1. காலுறை பின்னியவர்கள்

1800களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பகுதியில் பல குடும்பங்கள் காலுறை பின்னிப் பிழைத்தன. அவர்களுடைய பின்னற் பொறி புதிதன்று. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பழகிய பொறி. ஆனால் பெரும்பாலும் அது பின்னுபவருக்குச் சொந்தமில்லை. பொறியின் வாடகை கூலியிலிருந்து கழிக்கப்பட்டது. வேலை குறைந்த வாரத்திலும் வாடகை குறையவில்லை.

யுத்தகாலம். உணவு விலை ஏறியது. வியாபாரிகள் கூலியைக் குறைத்தார்கள். அகலமாகப் பின்னிய துணியை வெட்டித் தைத்து, விரைவிற் கிழியும் மலிவுக் காலுறைகளையும் விற்றார்கள். தொழிலாளர் சங்கமாகச் சேர்வதை 1799ஆம், 1800ஆம் ஆண்டுச் சட்டங்கள் தடுத்திருந்தன. 1811இல் அவர்கள் இரவில் பொறிகளை உடைக்கத் தொடங்கினார்கள். 'நெட் லட்' என்ற கற்பனைத் தலைவரின் பெயரில் கடிதங்கள் போயின. கண்ட பொறியையெல்லாம் அவர்கள் உடைக்கவில்லை. கூலியைக் குறைத்தவர்களின் பொறிகளையே தேடி உடைத்தார்கள்.

1812இல் இது வேறு மாவட்டங்களுக்கும் பரவியது. ஓர் ஆலை உரிமையாளர் கொல்லப்பட்டார். பொறியை உடைப்போருக்கு மரணதண்டனை என்று பாராளுமன்றம் அவ்வாண்டே சட்டம் இயற்றியது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் அதை எதிர்த்துப் பேசினார். 1813 ஜனவரியில் யோர்க் நகரில் 17 பேர் தூக்கிலிடப்பட்டார்கள்.

2. பெயர் வைத்தவர் யார்?

இன்று ஆங்கிலத்தில் 'லடைற்' என்றால் புதுமையை வெறுக்கும் மூடன் என்று பொருள்படுகிறது. அவர்கள் கேட்டதோ நியாயமான கூலியும் தரமான பொருளும். தோற்றவரின் கேள்வி மறைந்து, ஏளனப் பெயர் மட்டும் நிலைத்தது. எங்களிடமும் இப்படித்தான். வீட்டு விதைநெல்லைப் பேணுபவரைப் 'பழைய ஆள்' என்கிறோம். விளம்பரத்திற் கேட்ட பொருளை வாங்குபவரை 'முன்னேறியவர்' என்கிறோம். இந்த அளவுகோலை எமக்குத் தந்தவர் யார்?

3. உடைக்காமல் உரிமையாக்கியவர்கள்

உடைத்ததால் பொறி அவர்களுடையதாகவில்லை. 1844இல் அதே நாட்டின் றொச்டேல் நகரில், நெசவாளர் உட்பட 28 பேர் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, 28 பவுண் முதலுடன் ஒரு கடை திறந்தார்கள். மா, வெண்ணெய், சீனி என்று சில பொருட்களே இருந்தன. ஆனால் கலப்படம் இல்லை, நிறை சரி. ஆளுக்கு ஒரு வாக்கு. இலாபம் வாங்கிய அளவுக்கேற்பப் பங்கிடப்பட்டது. எங்கள் சங்கக்கடையும் அந்த வழிவந்ததே. இலங்கையில் 1911ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு இடமளித்தது. சங்கம் ஒரு சிலர் கையில் சிக்குவதும் உண்டு. கணக்கை எல்லோரும் பார்க்காத இடத்தில் அது நடக்கிறது.

உபாகமம் 24ஆம் அதிகாரத்தில், ஏழையின் திரிகைக் கல்லை அடகாக வாங்கக்கூடாது என்று மோசேயின் சட்டம் தடுக்கிறது. அதை எடுப்பது அவனுடைய உயிரையே எடுப்பதற்குச் சமம் என்பதே காரணம். எங்கள் திரிகைக் கல் இன்று உழவு இயந்திரம், நீரிறைக்கும் இயந்திரம், விதைநெல்.

குழுவிற் கலந்துரையாட

அ. சென்ற போகத்தில் உழவு, நீரிறைப்பு, சூடடிப்பு ஆகியவற்றுக்கு எவ்வளவு கொடுத்தோம்? ஒவ்வொரு குடும்பமும் கொப்பியில் எழுதிக் கூட்டிப் பார்க்கட்டும்.

ஆ. அந்தத் தொகை எத்தனை போகத்தில் ஒரு நீரிறைக்கும் இயந்திரத்தின் விலையாகும்? எத்தனை குடும்பங்கள் அதைப் பங்கிடலாம்?

இ. பழுது பார்ப்பவர் யார்? முறை வைப்பவர் யார்? கணக்கு எழுதுபவர் யார்? பெண்களும் அதில் இருக்கிறார்களா?

ஈ. மீண்டும் இடம்பெயர நேர்ந்தால் பொதுச் சொத்தை யார், எப்படிக் கொண்டுபோவது?

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை காண்போம். வாங்குவதைப் பிறகு பேசலாம்.