நிர்வாகத்தின் நடத்தையும் தொழிலாளர் மனவூக்கமும்: திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த திருப்பூர், பின்னலாடை ஏற்றுமதியால் உலகறிந்த ஊராகத் திகழ்கின்றது. நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் எனப் பல கைகள் தொட்ட பின்னரே ஒரு பனியன் முழுமை பெறுகின்றது. அக்கைகளை இயக்கும் மனவூக்கம், நிர்வாகத்தாரின் நடத்தையால் எவ்வாறு வளர்கின்றது, எவ்வாறு தேய்கின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நெருக்கமும் நீதியும்

இவ்வூரில் பனியன் தொழிலுக்கு 1925ஆம் ஆண்டளவில் வித்திட்டவர் குலாம் காதர் என்பர். பிற்காலத்து முதலாளிகளுள் பலர் உழவுக்குடியில் தோன்றி, பனியன் கம்பெனியில் தொழிலாளராய் உழைத்து, பின்னர் உரிமையாளராக உயர்ந்தவர்கள். ஷரத் சாரி என்னும் ஆய்வாளர் 2004இல் வெளியான தம் நூலில் இதனை விரிவாக எடுத்துரைத்துள்ளார். மெஷினின் முன் அமர்ந்து பழகிய முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே நெருக்கம் இருந்தது உண்மையே.

எனினும் நெருக்கம் மட்டுமே நீதியாகிவிடாது. 1984இல் பஞ்சப்படி கோரித் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் 127 நாள்கள் நீடித்தது. உறவைப் பேசி உரிமையை மறுத்தால் நம்பிக்கை நிலைக்காது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும். அதன்பின் வேலை சிறு சிறு கூடங்களுக்கும் காண்டிராக்ட் முறைக்கும் பெருமளவில் பிரிந்து சென்றது. முதலாளி தொலைவிலானார். தொழிலாளி நாள்தோறும் காணும் நிர்வாகம், சூப்பர்வைசரும் காண்டிராக்டருமே என்றாயிற்று.

அச்சத்தின் விலை

அந்தச் சூப்பர்வைசரும் சுமை தாங்குபவரே. அயல்நாட்டு வாங்குநர் விதிக்கும் ஷிப்மெண்ட் தேதி முதலாளியை நெருக்குகின்றது. முதலாளி மேலாளரை நெருக்குகின்றார். அந்நெருக்கடி இறுதியில் கடுஞ்சொல்லாக மாறித் தையல் மெஷினில் அமர்ந்திருக்கும் பெண்ணின் காதில் விழுகின்றது.

திருவள்ளுவர் 'வெருவந்த செய்யாமை' என 57ஆம் அதிகாரம் வகுத்து, குடிகள் அஞ்சத்தக்கவற்றைச் செய்யாதிருத்தலை ஆட்சியாளர்க்கு உரிய அறமாக வைத்தார். அரசுக்கு உரைத்த இவ்வறம் ஆலைக்கும் பொருந்தும். ஊசி ஓட்டையோ தையல் விடுபட்ட இடமோ கண்டவுடன் அதைச் சொன்னால் வசை கிட்டும் என அஞ்சும் தொழிலாளி, அதை மறைத்துக் கட்டுக்குள் வைத்துவிடுவார். அப்பழுது செக்கிங்கில் வெளிப்படும். அங்கும் தப்பினால் வாங்குநரிடம் வெளிப்படும். ஆகவே கடுஞ்சொல் அறக்கேடு மட்டுமன்று, பொருட்கேடும் ஆகும். கைத்திறன் உள்ளவர்க்கு அடுத்த தெருவிலேயே வேலை கிடைக்கும் ஊரில், மனம் புண்பட்டவர் சனிக்கிழமைச் சம்பளத்தோடு விடைபெறுவதில் வியப்பில்லை.

அமெரிக்க நாட்டின் சிகாகோவை அடுத்த ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை ஆய்வுகள் நடைபெற்றன. தம்மைப் பொருட்படுத்திக் கேட்கின்றனர் என்னும் உணர்வே தொழிலாளரின் ஊக்கத்தை வளர்த்தது என எல்டன் மேயோ முதலியோர் விளக்கினர். இம்முடிவைப் பிற்கால அறிஞர் சிலர் மறுத்துரைத்தாலும், தொழிலாளியை மனிதராகக் காணும் பார்வையை மேலாண்மைக் கல்விக்கு அளித்த சிறப்பு அவ்வாய்வுகளுக்கு உண்டு.

செவிசாய்த்தலின் பயன்

2021 சனவரியில் திண்டுக்கல் மாவட்டத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் பணியாற்றிய இளம்பெண் கொலையுண்டார். அவருடைய மேற்பார்வையாளரே கைது செய்யப்பட்டார். இக்கொடுமையைத் தொடர்ந்து 2022 ஏப்ரலில் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்துக்கும், திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஏற்றுமதி நிறுவனத்துக்கும் இடையே 'திண்டுக்கல் ஒப்பந்தம்' உருவானது. தொழிலாளருள் சிலரே பயிற்சி பெற்று, பணித்தளத்தில் தொல்லைகளைக் கண்டறிந்து முறையிட இது வழிசெய்தது. குறை கூறியவரைப் பழிவாங்காமை இதன் உயிர்நாடி. ஓர் உயிர் போன பின்னரே கேட்கும் செவி திறந்தது என்பது நம் நெஞ்சைச் சுடும் உண்மை.

2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது திருப்பூரிலும் அச்சம் சூழ்ந்தது. பீகார் அரசின் குழுவே நேரில் வந்து விசாரித்தது. மொழி தெரியாத தொழிலாளியிடம் அன்றாடம் நலம் கேட்டுப் பழகிய நிர்வாகத்தின் ஆறுதல் மொழியே இத்தகைய வேளையில் நம்பப்படும். நம்பிக்கையை நெருக்கடி நாளில் புதிதாய் உண்டாக்க இயலாது.

முடிவுரை

உழைத்தவர்க்குக் கூலியைத் தாமதமின்றி வழங்க வலியுறுத்தினார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். உரிய கூலி, இனிய சொல், செவிசாய்க்கும் பண்பு ஆகிய மூன்றுமே மனவூக்கத்தின் வேர்கள். இவற்றுள் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. இன்சொல்லால் கூலிக்குறையை மூட முடியாது, கூலியால் அவமதிப்பை ஆற்ற முடியாது.

மாணவச் செல்வங்களே! உங்களுள் பலர் நாளை கணக்கராகவும் மெர்ச்சண்டைசராகவும் மேலாளராகவும் இவ்வாலைகளுக்குள் நுழைவீர்கள். உங்கள் பெற்றோரும் உடன்பிறந்தோரும் அங்கே மெஷினில் அமர்ந்திருப்பவர்களாக இருக்கலாம். அவர்களிடம் பிறர் எவ்வாறு பேசவேண்டும் என விரும்புகின்றீர்களோ, அவ்வாறே நீங்களும் பேசத் தொடங்குங்கள்.