கல்லாறு தாண்டி ஏறப்போகும் தம்பிக்கு

எஸ்டேட் வண்டி ஓட்ட வந்திருக்கிறாய். கல்லாறு தாண்டினால் பொன்முடி வரை 22 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போய்ப் பழகிக்கொள்ளலாம் என்று நினைக்காதே. இதையெல்லாம் கேட்டுவிட்டு ஏறு.

1. ஏறிய கியரிலேயே இறங்கு. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் எஞ்சினின் பிடி போய்விடும்; பாரம் முழுவதையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். டிரம் சூடேறிவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. கருகல் வாடை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடு. எவன் அவசரப்படுத்தினாலும் சரி.

2. டிராக்டர் பெட்டியைத் தாழ்ந்த கொக்கியில் மட்டும் மாட்டு. உயரத்தில் மாட்டி மேட்டில் இழுத்தால் முன்சக்கரம் தூக்கி, வண்டி அப்படியே பின்பக்கம் கவிழ்ந்து உன் மேலேயே விழும். குதிக்க நேரம் இருக்காது. மட்கார்டில் யாரையும் உட்காரவிடாதே.

3. கொழுந்து எடைபோடும் நேரத்தில் பெண்கள் சாக்கோடு வண்டிக்குப் பின்னால் நிற்பார்கள். கைகாட்ட ஆள் இல்லாமல் ரிவர்ஸ் எடுக்காதே. கைகாட்டுகிறவர் கண்ணாடியிலிருந்து மறைந்தால் அந்த நொடியே நிறுத்து.

4. சரிவில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கட்டை வை.

5. 2023 ஆகஸ்ட் 25 அன்று வயநாட்டில், தலப்புழா பக்கம் கண்ணோத்துமலையில் ஒரு ஜீப் பள்ளத்தில் விழுந்தது. கொழுந்து பறித்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த 9 பெண்கள் இறந்தார்கள். மக்கிமலைக்காரர்கள். நம் வீட்டுப் பெண்களைப் போலவே விடியலில் கிளம்பிப் போனவர்கள். சாயங்காலம் வண்டி நிறைந்த பிறகும் உன்னிடம், "இன்னும் ரெண்டு பேர்தானே, ஏத்திக்கோ தம்பி" என்பார்கள். அக்காமார் முகத்தைப் பார்த்து மறுப்பது கஷ்டம், எனக்குத் தெரியும். மறுத்துவிடு. ஏசினால் கேட்டுக்கொள். இன்னொரு நடை வந்து ஏற்றிக்கொண்டு போ. அதற்கான டீசலை நிர்வாகத்திடம் கேட்க வெட்கப்படாதே.

6. யாராவது அடிபட்டால் கையைக் காலைப் பிடித்து இழுக்காதே, கழுத்தை அசையவிடாதே. 108-ஐக் கூப்பிடு. ஆஸ்பத்திரியில் விவரம் எழுதும்போது எந்த இடம், எந்த வேலை, எந்த வண்டி என்று உள்ளபடி சொல். "வீட்டில் விழுந்ததாகச் சொல்லிவிடு" என்று கெஞ்சுவார்கள், மிரட்டுவார்கள். அப்படி ஒருமுறை எழுதிவிட்டால் நஷ்டஈடு கேட்கும்போது அந்தத் தாளே அடிபட்டவருக்கு எதிராக நிற்கும்.

7. வேலையில் ஒருவரின் உயிர் போய்விட்டால், முதலாளி ஒரு தொகையை வீட்டாரின் கையில் கொடுத்துக் கணக்கை முடித்துவிட முடியாது. நஷ்டஈட்டை அதற்குரிய அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். 1923-ஆம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டத்திலிருந்தே அப்படித்தான். துக்க வீட்டில் யாராவது கையெழுத்துக்குத் தாள் நீட்டினால், முதலில் யூனியன்காரரைக் கூட்டி வா.