எஸ்எம்பி எந்த அளவில் வாங்குவது? டைவ்மாஸ்டர் வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு

மாலத்தீவு, அந்தமான், திருகோணமலை, புதுச்சேரி என எங்கே டைவ்மாஸ்டர் வேலைக்குச் சேர்ந்தாலும், ரெகுலேட்டர் பற்றியும் டைவ் கம்ப்யூட்டர் பற்றியும் ஆளாளுக்கு ஆலோசனை சொல்வார்கள். எஸ்எம்பி என்று வந்தால் மட்டும், "ஏதாவது ஒன்றை வாங்கிக்கொள்" என்று முடித்துவிடுவார்கள். அந்த ஆரஞ்சுக் குழாய் மிதவையை நம்பித்தான் படகு உங்களையும் உங்கள் விருந்தினர்களையும் தேடி வரப்போகிறது. ஆகவே அதன் அளவை யோசித்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

2022 ஏப்ரலில் மலேசியாவின் மெர்சிங் கடலில் பயிற்சி டைவுக்கு இறங்கிய நால்வர் மேலே வந்தபோது படகு அருகில் இல்லை. நீரோட்டம் இழுத்துப்போனது. பயிற்சியாளர் மறுநாள் மீட்கப்பட்டார். இருவர் மூன்றாம் நாள்தான் கிடைத்தார்கள். 14 வயதுச் சிறுவன் இறந்துபோனான். தேடுகிறவர்களின் கண்ணில் படுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

2 நாட் நீரோட்டம் என்பது நொடிக்குச் சுமார் 1 மீட்டர். பத்தே நிமிடத்தில் 600 மீட்டர் தள்ளிப் போயிருப்பீர்கள். அந்தத் தூரத்தில் படகோட்டிக்கு என்ன தெரியும் என்பதுதான் அளவைத் தீர்மானிக்கும் முதல் கேள்வி.

கடையில் நீளத்தைத்தான் பெரிதாக எழுதியிருப்பார்கள். நீங்கள் அகலத்தையும் கேளுங்கள். நல்ல பார்வையுள்ள கண், 500 மீட்டரில் சுமார் 15 செ.மீ. அகலப் பொருளைத்தான் தெளிவாகப் பிரித்தறியும். குழாயைத் தட்டையாக வைத்து அளந்த அகலத்தில், ஊதிய பிறகு மூன்றில் இரண்டு பங்குதான் மிஞ்சும். அட்டையில் 11.5 செ.மீ. என்று போட்டிருந்தால் ஊதியபின் 7 செ.மீ. சொச்சம்தான். நிறம் பளிச்சென்று இருந்தால் கொஞ்சம் ஈடுகட்டும், அவ்வளவே. நீளத்திலும் ஒரு பகுதி தண்ணீருக்குள் போய்விடும். 1 மீட்டர் மிதவையில் 60, 70 செ.மீ. வெளியே நின்றால் பெரிது. 1 மீட்டர் அலை எழும் நாளில் அது பாதி நேரம் அலைக்குப் பின்னால் மறைந்திருக்கும். படகோட்டி நிற்கும் இடம் தாழ்வாக இருந்தால் இன்னும் மோசம்.

அப்படியானால் இருப்பதிலேயே பெரியதை வாங்கிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் பலர் இடறுகிறார்கள். மிதவையை அடியிலிருந்து அனுப்பும்போது, அதை நிரப்பப் போதுமான காற்றை அந்த ஆழத்தில் நீங்கள் கொடுத்தாக வேண்டும்.

கணக்கு எளிது. தட்டையாக 11.5 செ.மீ. அகலமும் 1 மீட்டர் நீளமும் உள்ள மிதவை சுமார் 4 லிட்டர் பிடிக்கும். 15 செ.மீ. அகலம், 1.2 மீட்டர் நீளம் என்றால் எட்டரை லிட்டர். 18 செ.மீ. அகலம், 1.8 மீட்டர் நீளம் என்றால் பதினெட்டரை. 5 மீட்டர் ஆழத்தில் விட்ட காற்று மேலே போகும்போது ஒன்றரை மடங்காகும், 10 மீட்டரில் விட்டது இரண்டு மடங்காகும், 20 மீட்டரில் விட்டது மூன்று மடங்காகும். ஆக, பெரிய மிதவையை முழுதாக நிரப்ப 5 மீட்டரில் 12 லிட்டர் தேவை, 20 மீட்டரிலோ 6 லிட்டர் போதும். சிரமமில்லாமல் ஒரு மூச்சில் ஊதக்கூடியது 2, 3 லிட்டர். சேஃப்டி ஸ்டாப்பில் நின்றுகொண்டு பெரிய மிதவையை வாயால் நிரப்பப் பார்த்தால் நாலைந்து முறை ஊத வேண்டும். ஆக்டோபஸை உள்ளே நுழைத்துப் பர்ஜ் பட்டனை அழுத்தினால் சீக்கிரம் நிரம்பும். ஆனால் 12 லிட்டர் காற்று உங்கள் கையை ஏறத்தாழ 12 கிலோ விசையோடு மேலே இழுக்கும். விடத் தாமதித்தால் நீங்களும் கூடவே போவீர்கள். சேஃப்டி ஸ்டாப் போச்சு.

அரைகுறையாக நிரம்பிய பெரிய மிதவை மேலே போய் மடிந்து கிடக்கும். அதைவிட, விறைப்பாக நிற்கும் 1.2 மீட்டர் மிதவை எவ்வளவோ மேல்.

என் தீர்ப்பு இது. குழுவை நடத்துகிற நீங்கள் 1.8 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை 10 மீட்டருக்குக் கீழிருந்தே அனுப்பப் பழகுங்கள். மாலத்தீவின் கால்வாய்களில், நீரோட்டம் குழுவைத் திறந்த கடலுக்குத் தள்ளும் இடங்களில், முன்கூட்டியே அனுப்புவது இன்னொரு விதத்திலும் நல்லது. நீங்கள் ஏறி வருவதற்குள் படகு பின்தொடரத் தொடங்கிவிடும். விருந்தினர்களுக்கும் புதிதாகக் கற்பவர்களுக்கும் 1.2 மீட்டர் போதும். 1 மீட்டர் மிதவையை அமைதியான, கரையோர, படகு நங்கூரமிட்டு நிற்கும் டைவ்களுக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

ஆழ்கடல் டைவ் வேறு கதை. 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் சுமார் 53 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அங்கே போகிறவர்கள் மேலேறும் வழியில் நீண்ட நேரம் நிறுத்தங்களில் காத்திருக்க வேண்டும். நீரோட்டத்தில் இறங்கு கயிற்றைத் தவறவிட்டால் அத்தனை நேரமும் மிதவைதான் துணை. அப்படிப்பட்ட வேலைக்குப் பெரியது ஒன்று, மாற்றாக இன்னொன்று.

வாங்கும்போது அடிப்பகுதியைப் பாருங்கள். அடி திறந்த வகை மேலே போய்ச் சாய்ந்தால் காற்று கொட்டிவிடும். உள்ளே போன காற்று திரும்பாத வாய் உள்ளதும், அழுத்தம் மிகுந்தால் தானே வெளியேற்றும் வால்வு உள்ளதுமே வேலைக்கு ஏற்றது. மேலே வந்தபின் வாயால் ஊதி விறைப்பாக்கிக்கொள்ளும் குழாயும் இருக்கட்டும். உச்சியில் ஒளியைப் பிரதிபலிக்கும் பட்டை இருந்தால் இருட்டியபின் டார்ச் வெளிச்சத்தில் பளிச்சிடும். ஸ்பூலில் நூல் 30 மீட்டராவது இருக்க வேண்டும். நூல் நீரோட்டத்தில் சரிந்து ஓடும் என்பதால் ஆழத்துக்குச் சமமான நீளம் போதாது. ஸ்பூலை ஒருபோதும் உங்கள் பிசிடியில் மாட்டிக்கொண்டு மிதவையை விடாதீர்கள். சிக்கினால் உடனே கைவிடுங்கள், ஸ்பூல் இன்னொன்று வாங்கலாம்.

நிறத்துக்கு எல்லா ஊருக்கும் பொதுவான விதி கிடையாது. பல இடங்களில் ஆரஞ்சு வழக்கமான ஏற்றத்துக்கு, மஞ்சள் அவசரத்துக்கு. உங்கள் படகில் என்ன வழக்கம் என்பதைச் சேர்ந்த அன்றே படகோட்டி அண்ணனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவரையே நடுவராகவும் வையுங்கள். ஓய்வு நாளில் ஒருவரை மிதவையோடு தண்ணீரில் விட்டு, 300 மீட்டர், 500 மீட்டர் தள்ளிப் போய், இரண்டு அளவையும் மாற்றி மாற்றிக் காட்டச் சொல்லிப் பாருங்கள். எது தெரிகிறது என்று அவர் சொல்லட்டும். முதல் சம்பளத்தில் கேமரா வாங்கும் எண்ணம் இருந்தால் அதைத் தள்ளிவைத்து, அவர் கைகாட்டிய மிதவையை வாங்குங்கள்.