ஓய்வு நாள் யாருக்கு?

ஞாயிற்றுக்கிழமை என்றாலே நம் உள்ளம் துள்ளுகிறது. அது பள்ளி மணி ஒலிக்காத நாள். சற்று அதிகமாக உறங்கினாலும் கேட்பாரில்லாத நாள். திருப்பலிக்குச் சென்று வருகிறோம், ருசியாக உண்கிறோம், பிற்பகலில் கதைப் புத்தகத்துடன் சாய்ந்து விடுகிறோம். ஆண்டவருடைய நாளை நன்றாகவே அனுசரித்தோம் என்ற திருப்தியும் நமக்கு உண்டாகிறது. ஆனால், அதே வேளையில் நம் வீட்டு அடுக்களையில் என்ன நடக்கிறது என்று நாம் எட்டிப் பார்த்ததுண்டா? இக்கேள்வியை மனத்தில் இருத்தி, ஓய்வு நாளின் பொருளைச் சிறிது ஆராய்வோம்.

கட்டளை கூறுவது என்ன?

பத்துக் கட்டளைகள் விவிலியத்தில் இரண்டு இடங்களில் காணப்படுகின்றன. யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தில் ஓய்வு நாளுக்குக் கூறப்படும் காரணம் படைப்பு. இறைவன் ஆறு நாட்களில் அனைத்தையும் படைத்து, ஏழாம் நாளில் ஓய்ந்தார். எனவே அவர் மக்களும் ஓய வேண்டும். உபாகமம் 5-ஆம் அதிகாரத்திலோ காரணம் வேறு. இஸ்ராயேல் மக்கள் எகிப்து நாட்டில் அடிமைகளாயிருந்து, இளைப்பாற நேரமின்றி உழைத்தவர்கள். அந்தத் துன்பத்தை மறவாமல், தங்கள் வீட்டு வேலைக்காரனும் வேலைக்காரியும் தங்களைப் போலவே இளைப்பாற விட வேண்டும் என்று அங்கே பணிக்கப்படுகிறார்கள். மகன், மகள், பணியாளர், அந்நியர் என்று நீளும் அப்பட்டியலில் மாடும் கழுதையும் கூட விடுபடவில்லை!

ஆகவே, ஓய்வு நாள் என்பது நாம் ஓய்வெடுக்கும் நாள் மட்டுமன்று. பிறரை ஓய்வெடுக்க விடும் நாளுமாகும். ஒருவர் இளைப்பாறுவதற்காக மற்றொருவர் இரு மடங்கு உழைத்தால், அங்கே கட்டளையின் பாதிதான் நிறைவேறுகிறது.

ஞாயிறு வந்த வழி

நம் ஆண்டவர் உயிர்த்தெழுந்தது வாரத்தின் முதல் நாளில். எனவே தொடக்கத் திருச்சபை அந்நாளில் கூடி அப்பம் பிட்டது. சுமார் 155-ஆம் ஆண்டில் புனித யுஸ்தீன் எழுதிய நூலில் இவ்வழிபாட்டின் வருணனை உள்ளது. நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்தில் கூடினர், வாசகங்களைக் கேட்டனர், அப்பமும் இரசமும் கொண்டு நன்றிப் பலி நிறைவேற்றினர். வசதியுள்ளோர் அளித்த காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறைப்பட்டோருக்கும் சென்றது. இறைவனை வணங்கிய அதே நாளில் எளியோரையும் அவர்கள் நினைத்தார்கள்.

அக்காலத்தில் ஞாயிறு விடுமுறை நாளன்று. ஆபத்தும் இருந்தது. 304-ஆம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவிலுள்ள அபித்தினா என்னும் ஊரில், ஞாயிறு வழிபாட்டுக்காக ஒரு வீட்டில் கூடிய 49 கிறிஸ்தவர்கள் கைதாயினர். அவ்வழிபாடு இன்றித் தங்களால் வாழ இயலாது என்று அவர்கள் அதிகாரியிடம் துணிவுடன் கூறி, வேதசாட்சிகளாயினர். 321-ஆம் ஆண்டில்தான் கான்ஸ்டன்டைன் மன்னர் நகர மக்களுக்கு ஞாயிறு ஓய்வைச் சட்டமாக்கினார்.

நம் நாட்டிலும் இந்த ஓய்வு தானாக வந்துவிடவில்லை. பம்பாய் நூற்பாலைகளில் தொழிலாளர்கள் வார விடுமுறையின்றி உழைத்து வந்தனர். நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் அவர்களுக்காகப் பல ஆண்டுகள் போராடினார். அதன் பயனாக 1890-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தனர். லோகண்டே கிறிஸ்தவரல்லர், ஆயினும் பிறர் இளைப்பாற வேண்டும் என்று பாடுபட்டதில், அக்கட்டளையின் உட்பொருளை அவர் நிறைவேற்றினார் அல்லவா? மறு ஆண்டு, 1891-இல், பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலில் தொழிலாளரின் ஓய்வு உரிமையை வலியுறுத்தினார். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வார ஓய்வை உறுதி செய்தது.

ஆலைக்குச் சட்டம் உண்டு. அடுக்களைக்கு?

கூனல் நிமிர்ந்த நாள்

நம் அன்னையரை எண்ணிப் பார்ப்போம். விடியுமுன் எழுந்து, முதல் திருப்பலிக்கு ஓடி, முடிந்ததும் முடியாததுமாக வீடு திரும்புகிறார்கள். ஞாயிறன்று நாம் அனைவரும் வீட்டிலிருப்பதால் சமையலும் அதிகம், பாத்திரமும் அதிகம், வாரமெல்லாம் சேர்ந்த அழுக்குத் துணியும் அன்றுதான். நமக்கு ஓய்வு நாள். அவர்களுக்கோ அதுவே மிகுந்த வேலை நாள்.

லூக்காஸ் நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில், பதினெட்டு ஆண்டுகள் கூனியாயிருந்த ஒரு பெண்ணைக் காண்கிறோம். அவள் எதுவும் கேட்கவில்லை. ஆண்டவரே அவளைக் கண்டு, அருகில் அழைத்து, கைகளை அவள்மேல் வைத்துக் குணமாக்கினார். அவள் நிமிர்ந்து நின்று இறைவனைப் புகழ்ந்தாள். அது ஓய்வு நாள்! செபக்கூடத் தலைவர் சினந்தபோது, ஓய்வு நாளில் மாட்டையும் கழுதையையும் அவிழ்த்துத் தண்ணீர் காட்டும் நீங்கள், ஆபிரகாமின் மகளாகிய இவளைக் கட்டவிழ்க்கலாகாதோ என்னும் கருத்தில் ஆண்டவர் வினவினார்.

நம் வீட்டிலும் அடுப்படியிலும் அம்மியடியிலும் குனிந்த முதுகு ஒன்று உண்டு. அதுவும் வாய் திறந்து எதுவும் கேட்பதில்லை. ஆண்டவரைப் போல் நாமே முதலில் காண வேண்டும்.

"அப்படியானால் ஞாயிறன்று யார் சமைப்பது?" என்று கேட்கலாம். பாலைவனத்தில் இஸ்ராயேல் மக்கள் ஆறாம் நாளிலேயே இரு மடங்கு மன்னாவைச் சேர்த்து வைத்தார்கள். நாமும் சனிக்கிழமையே மாவரைக்கவும், காய் நறுக்கவும், சீருடையைத் துவைக்கவும் கை கொடுக்கலாம். ஞாயிறு உணவு எளிதாயிருந்தால் குறைந்துவிட மாட்டோம். பாத்திரம் துலக்குவதை நாம் ஏற்கலாம். நம் அண்ணன் தம்பியரும் ஏற்கலாம். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு அன்று ஊதியத்துடன் விடுமுறை அளிக்கும்படி பெற்றோரிடம் பணிவாகக் கூறலாம். மருத்துவமனையில் நோயாளிகளைப் பேணுவோருக்கு ஞாயிறன்றும் பணி உண்டு. அது அன்புப் பணி. அவர்களுக்கும் வேறொரு நாளாவது ஓய்வு தேவை.

மார்த்தாளைப் பற்றிய மறையுரை பல கேட்டிருக்கிறோம். ஆண்டவர் பாதத்தில் அமர்ந்த மரியாள் நல்ல பங்கைத் தேர்ந்துகொண்டாள் என்பது உண்மையே. ஆனால், அம்மாவை எந்நாளும் மார்த்தாளாக்கிவிட்டு, நாம் மட்டும் மரியாளாக அமர்வது நியாயமா? அந்த நல்ல பங்கில் அவர்களுக்கும் இடம் வேண்டாமா?

சிந்திக்கச் சில கேள்விகள்

1. சென்ற ஞாயிறன்று நம் வீட்டில் கடைசியாக உண்டவர் யார்? கடைசியாகப் படுத்தவர் யார்?
2. அவர் அமைதியாக அமர்ந்து செபிக்க அன்று நேரம் கிடைத்ததா?
3. வரும் ஞாயிறன்று அவருடைய வேலைகளில் எதை நாம் எடுத்துக்கொள்ளப் போகிறோம்?

அன்புத் தோழியரே! வரும் ஞாயிறு பிற்பகல் ஒரு மணி நேரமாவது அம்மாவின் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொள்வோம். அவர்கள் நிமிர்ந்து அமரட்டும், விவிலியத்தைத் திறக்கட்டும், அல்லது கண்ணயரட்டும். அன்றுதான் ஆண்டவருடைய நாள் நம் இல்லம் முழுவதற்கும் ஓய்வு நாளாகும்.